வியாழனின் எட்டாவது சந்திரன்

என் கையெழுத்து அழகானது. நான் குமாஸ்தாவாக இருக்கும் கந்தோரில் பெரிய துரையே பாராட்டியிருக்கிறார். சிவபாதசுந்தரம் மாஸ்டர் என்னைச் சேர்த்துக்கொண்டதும் அதற்காகத்தான்.

மாஸ்டர் பென்ஷன் எடுத்த கணித ஆசிரியர், மனைவியை இழந்தவர், வெள்ளவத்தையில் தனியே இருந்தார். வியாழனைச் சுற்றும் எட்டாவது சந்திரன்மேல் அவருக்கு ஒரு பைத்தியம். அது ஒரு குட்டிச் சந்திரன். பெரிய சந்திரன்கள் ஒரு பக்கமாகச் சுற்ற, இது எதிர்ப்பக்கமாகச் சுற்றும். வெகு தொலைவில் கிடப்பதால் சூரியனும் அதை இழுத்து அலைக்கழிக்கும். அது எங்கே நிற்கிறதென்று தெரியாமல் வெள்ளைக்காரர்கள் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கணக்குப் போட்டே அதைப் பிடிக்கப் பார்த்தார். ஒவ்வொரு படியும் முந்திய படியின் விடையிலிருந்து வரவேண்டும். அவர் போடுவார், நான் பெரிய கொப்பியில் சுத்தமாகப் பிரதி எழுதுவேன். அடுத்த படியை அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் அவர் போடுவார்.

எனக்கும் வீடு வெறுமைதான். என் மனைவி பீபி மௌத்தான பிறகு கொட்டாஞ்சேனை அறையில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. கந்தோர் விட்டதும் வெள்ளவத்தைக்கு ரயிலேறிவிடுவேன். மாஸ்டர் தேத்தண்ணி போட்டு வைத்திருப்பார். "வாரும் ஹுசைன்" என்பார். ஒரு நாளில் என் பெயரை ஒருவர் சொல்வது அப்போது மட்டும்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்காம் வருடம் கணக்கு முடியும் கட்டத்துக்கு வந்தது.

"இன்னும் ரெண்டு மாசம்தான். பிறகு மகளோட யாழ்ப்பாணம் போயிடுவன். கண்ணுக்கு ஓய்வு குடுக்காட்டி பார்வை போயிடும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"நல்லம் மாஸ்டர்" என்றேன். எனக்குப் பயமாக இருந்தது.

அன்று பிரதி எழுதும்போது ஓர் ஒன்றை ஏழாக எழுதினேன். அவ்வளவுதான். வானத்தில் ஒரு கல் எங்கே கிடந்தால் யாருக்கு என்ன நட்டம்?

மாஸ்டர் தன் விடையை வெளிநாட்டு வானாய்வு நிலையம் ஒன்றுக்கு அனுப்பினார். தேடிப்பார்த்தோம், அங்கே ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அவர் முதலிலிருந்து தொடங்கினார். அந்த முறை நான் வேறொரு படியில் கை வைத்தேன். கூட்டிப்போக வந்த மகளை, "பிழை எங்கயெண்டு தெரியாமல் வரமாட்டன்" என்று திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை பாதியில் அவருக்குப் பார்வை போய்விட்டது. அதன் பிறகு எண்களை நான்தான் வாசித்துச் சொன்னேன். எனக்கு வேலை சுலபமாயிற்று.

முப்பத்தெட்டில் சந்திரன் மறுபடி அகப்பட்டதாகத் தபாலில் வந்த சஞ்சிகையில் இருந்தது. நான் ஒழுங்கான மனிதன். நான் கை வைக்காத சரியான எண்களைத் தனிக் கொப்பியில் வைத்து, மாஸ்டரின் முறைப்படியே என் அறையில் அந்த வருடம் வரை கணக்கைக் கொண்டுவந்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்த்தேன். சந்திரன் மாஸ்டரின் கணக்கு சொன்ன இடத்தில்தான் நின்றது.

"என்ன போட்டிருக்கு, ஹுசைன்?"

"விசேஷமா ஒண்டுமில்ல மாஸ்டர்."

"அப்ப இன்னும் ஒருத்தருக்கும் அம்பிடேல்ல" என்று சிரித்தார். "கொப்பியை எடும்."

பிறகு இரண்டு வருடம் இருந்தார். போன மாதம் செத்தவீட்டில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஐயாவைத் தனிய விடாமல் பாத்தீங்கள்" என்றாள்.

அது உண்மைதான். நான் மட்டும் இல்லையென்றால் அந்த மனிதர் யாருமில்லாமல் தனித்துப் போயிருப்பார்.