மூணுக்கு ஏழு கட்டம்

இல்ல டீச்சர், நீங்க பாட்டுக்கு சுண்ணாம்புக் கோட்டப் போடுங்க, டேப்ப நான் புடிச்சுக்கிறேன். அவ வர்றதுக்குள்ள பேசிட்டு ஓடிடுறேன். நேத்து சாஃப்ட்பால் பிராக்டீஸ்ல மூணு பந்துக்கும் எங்க பாப்பா பேட்டக் காத்துலயே வீசினாளாமே. பேட் புடிச்சு நிக்கிற கட்டத்துல முன்னாடி ஏறி நில்லு, பந்து வளையறதுக்குள்ள அடிச்சிரலாம்னு நீங்க சொன்னீங்களாம். வீட்டுக்கு வந்தவ ஷூவக்கூடக் கழட்டல. நாளைக்கு டீம் லிஸ்டு போடுறாங்கப்பா, என் பேர் இருக்குமா, இருக்குமான்னு ஒரே நச்சரிப்பு.

ஐயோ, தப்புன்னு சொல்ல வரல. நீங்க இதுக்குன்னு படிச்சவங்க, நான் டைல்ஸ் ஒட்டுறவன். ஆனா முன்னாடி நின்னா பந்து பொசுக்குன்னு வந்துரும்ல? பின் கோட்ட ஒட்டி நின்னா, பாத்து அடிக்க இத்துனூண்டு நேரமாவது கூடக் கிடைக்கும். சின்னப் புள்ளைங்களுக்கு அது போதுமே டீச்சர்.

எனக்கு எப்படித் தெரியுமா? அட, மொட்டமாடியில கட்டமே போட்டு வெச்சிருக்கேன். மூணடி அகலம், ஏழடி நீளம், ஒரு நூல் பிசகாது. பக்கத்துல பிளேட்டுக்குன்னு ஒரு வெள்ள டைல்ஸும் பதிச்சிருக்கேன், அதுக்கு மேலதானே பந்து போகணும். வீட்டுக்காரி துணி காயப்போட வந்தாக்கூட கோட்ட மிதிக்காம சுத்தித்தான் போகணும். அப்பனுக்கும் மகளுக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு திட்டிக்கிட்டே போவா. நான் பழைய சாக்ஸ உருட்டி கைய கீழ வெச்சு வீசுவேன், இவ அடிப்பா. ஒரு நாள் அது பக்கத்து வீட்டுக்காரர் சோத்துத் தட்டுல போய் விழுந்துச்சு. அந்த மனுசன் இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்ல.

ரெண்டு வாரமா தினம் இடம் மாத்தி மாத்தி நிக்க வெக்கிறேன். ஒரு சாண் பின்னாடி போ. நாலு விரல் பிளேட்டுக்கிட்ட வா. பேட்ட நீட்டுனா நுனி பிளேட்டோட அந்த ஓரத்தத் தொடணும், அதுதானே கணக்கு? தொடுது. எல்லாம் சரியாத்தான் இருக்கு. பந்து வரும்போதுதான் மூஞ்சிய முழுசா பந்து போடுறவங்க பக்கம் திருப்பிடுறா. ஆமா, தோளும் கூடவே திரும்பித் தெறந்துக்குதுன்னு நீங்ககூட சத்தம் போட்டீங்களாமே. போடாதீங்க டீச்சர். உங்கள கும்பிட்டுக் கேக்குறேன்.

கோவமா? உங்க மேல எனக்கு என்ன கோவம், எல்லாம் எம்மேலதான். காலு நிக்கிற இடந்தான் தப்பு பாப்பா, வேற ஒண்ணுமில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். அத அப்படியே புடிச்சுக்கிட்டா. பல்லு வெளக்கும்போதுகூட ரெண்டு காலையும் தள்ளித் தள்ளி வெச்சுப் பாக்குறா. பெத்தவனே புளுகுறான், அதையும் நம்புறாளே.

புளுகுதான் டீச்சர். அடிக்கடி தலை வலிக்குதுன்னாளேன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவள வெளிய உக்கார வெச்சிட்டு எங்கிட்ட மட்டும் சொன்னாரு. இடது கண்ணுல நரம்பு கெட்டுப்போச்சாம். போன பார்வை போனதுதானாம், சொட்டு மருந்து விட்டா மிச்சமாவது நிக்கலாமாம். கண்ணுல பந்து பட்டா இருக்கிறதும் போயிரும், பந்து வெளையாட்டுப் பக்கமே விடாதீங்கன்னாரு. இவ வலது கைக்காரி, பந்து வர்ற பக்கம் அந்தக் கண்ணுதானே இருக்கு. வலது கண்ணால பாக்கத்தான் மூஞ்சிய முழுசாத் திருப்புறா. எதுக்குத் திருப்புறோம்னு அவளுக்கே தெரியாது.

அப்புறமும் ஏன்யா அனுப்புனேன்னு பாக்குறீங்க. கேளுங்க, நாலு அறை விட்டாலும் வாங்கிக்கிறேன். ஹெல்மெட்டுல மூஞ்சிக்கு முன்னாடி கம்பி இருக்கேன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். அம்மாம்பெரிய கட்டத்துல, அவளுக்குப் பந்து தெரியிற மாதிரி ஒரே ஒரு இடம் இருக்காதான்னு தேடுனேன். கோணச் செவுத்துலயே டைல்ஸ நேரா ஒட்டிக் குடுக்குறவன் நான். இது என்னால ஆகல. சொல்லிரணும்னு பக்கத்துல போய் உக்காருவேன், அவ பேட்ட ஈரத்துணி போட்டுத் தொடச்சுக்கிட்டு இருப்பா. அப்படியே எந்திரிச்சு வந்துருவேன்.

பின்னாடி நிக்க வெக்கச் சொல்லிக் கேக்க வந்தேன்னு நெனச்சீங்களா? வழியெல்லாம் நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன். வேண்டாம் டீச்சர். இன்னைக்குப் போடுற லிஸ்டுல அவ பேரப் போடாதீங்க. ஆட்டம் பத்தல, அவ்ளோதான்னு சொல்லிருங்க. கண்ணப் பத்தி நானே எப்படியாவது சொல்லிக்கிறேன். உங்க மேல கோவப்படுவா, ரெண்டு நாள் சோறு திங்க மாட்டா. பரவால்ல டீச்சர், அந்தக் கோவம் ஆறிடும்.