ஏழாம் எண் வீட்டுப் புகை அலாரம் காணாமல் போனது குறித்து

என் பெயர் வெர்லீன் ஹட்சின்ஸ். வயது ஐம்பத்தேழு. கிளீவ்லாந்து நகரத்தின் கிழக்குப் பகுதியில், கேரி சாபோ என்பவருக்குச் சொந்தமான பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தில், இரண்டாம் மாடி ஏழாம் எண் வீட்டில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். என் வாடகையில் பெரும்பகுதியை அரசாங்கம் தரும் வாடகை உதவி வவுச்சர் கட்டுகிறது. வவுச்சர் அலுவலகம் நடத்தும் வீட்டுச் சோதனைக்கு முன்பு, தீப்பிடித்தால் சத்தம் போடுவதற்காக சீலிங்கில் இருந்த புகை அலாரத்தை நானே பிடுங்கி எறிந்தேன் என்று சாபோ எழுதிக் கொடுத்திருக்கிறார். அது நிரூபணமானால் வவுச்சர் போகும், வவுச்சர் போனால் வீடும் போகும் என்று தெரிந்தே விசாரணை அலுவலர் முன் இதைச் சொல்கிறேன்.

பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கிய பிறகு, நர்ஸுகளுக்கு வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் என்ற நினைப்பு சாபோவுக்கு வந்துவிட்டது. சோதனையில் வீடு இரண்டு முறை தேறாவிட்டால் வவுச்சர் அங்கே செல்லாது, நான் கிளம்பியாக வேண்டும். மார்ச் மாதம் படிக்கட்டில் என்னைப் பார்த்து, "இன்னும் இங்கதான் இருக்கீங்களா? முட்டிவலிக்கு லிஃப்ட் இருக்கிற எடமா பாக்கக் கூடாதா?" என்று சிரித்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. அதன் பிறகு அவருடைய பராமரிப்பு ஆள் லமான்ட் வந்து, நன்றாக இருந்த ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் சோதனை அதிகாரி தொட்டதும் தாழ்ப்பாள் கையோடு வந்தது. முதல் முறை தேறவில்லை.

அதன் பிறகு நான் யாரையும் நம்பவில்லை. குழாய்ப்பிடி, அடுப்புத் திருகு, அலாரம் எல்லாவற்றிலும் ஊதா நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தேன். யார் தட்டினாலும் உள்ளே இருந்தபடியே, "சாபோ அனுப்பின ஆளா?" என்று கேட்டேன். மறுசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் வேலைக்குப் போகாமல், கையில் துடைப்பத்தோடு கதவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். லமான்ட் ஒருமுறை வந்தான்.

"பல்பு மாத்தத்தான் வந்தேன், மிஸ் வெர்லீன்."

"நீ சூரியனையே மாத்த வந்தாலும் எனக்கு வேண்டாம். போடா."

மறுநாள் அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்து, "அலாரம் எங்கம்மா?" என்று கேட்டார். சீலிங்கில் இரண்டு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. அந்த இரண்டு நாளும் நான் தலைநிமிர்ந்து மேலே பார்க்கவே இல்லை. அதற்கு முன் நான் வேலைக்குப் போயிருந்தபோது லமான்ட்தான் திருடினான் என்று அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எனக்குப் பாதகமானாலும் சொல்லிவிடுகிறேன். சோதனை வருகிறதென்றால் அடுப்புத் திருகு, கொசுவலைச் சட்டம் என்று குறைந்ததைப் பக்கத்து வீட்டில் வாங்கி மாட்டுவோம், சாயந்தரம் திருப்பிக் கொடுப்போம். சாபோவிடம் கேட்டால் வராது. நான் அடிக்கடி சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறவள் என்பதால், என் வீட்டுச் சாவி நாலு வீடுகளில் இருக்கிறது.

புகார் கொடுத்து நாலு நாள் கழித்து, எங்கள் கட்டடத்திலேயே ஒரு வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தார்கள். கைகழுவப் போகும்போது பிள்ளைகள் படுக்கும் அறையில் அண்ணாந்து பார்த்தேன். ஊதாக் கோட்டோடு என் அலாரம் அங்கே இருந்தது. அந்த வீட்டுக்காரி அழுதுவிட்டாள்.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனாடி?" என்றேன்.

"எங்க கேக்கறது? ஒரு மாசமா கதவைத் தட்டினா உள்ள இருந்தே வெரட்டறீங்க. நீங்க வேலைக்குப் போனப்ப எங்ககிட்ட இருக்கிற சாவியைப் போட்டு எடுத்தேன், எங்க சோதனை முடிஞ்சதும் திருப்பி மாட்டிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க துடைப்பத்தோட காவலுக்கு உக்காந்துட்டீங்க. பயமாயிருச்சு, மிஸ் வெர்லீன். இப்பவே கழட்டித் தந்துடறேன்."

அவள் நாற்காலியை இழுத்தாள். "எறங்கு. அது அங்கயே இருக்கட்டும்," என்றேன். அவர்கள் வீட்டுக்கு அலாரம் கேட்டு சாபோவுக்கு ஐந்து மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறாளாம். எழுதிய கடிதங்களைக் காட்டினாள்.

ஆகவே அலாரத்தை லமான்ட் எடுக்கவில்லை. அந்தப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன், அவனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். தாழ்ப்பாள் விஷயத்தில் என் சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது.

எந்த வீடு என்று அலுவலர் மூன்று முறை கேட்டார். அந்த எண்ணைச் சொன்னால் நான் நிரபராதி என்று இன்றே முடிந்துவிடும் என்றும், சொல்லாவிட்டால் இம்மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய நேரிடும் என்றும் விளக்கினார். எனக்குப் புரிந்தது. சாட்சிப் பொருள் என்று அதைக் கழற்றி உறையில் போட்டு இங்கே கொண்டுவந்துவிட்டால், அன்று இரவு அந்தப் பிள்ளைகளுக்கு மேலே இரண்டு ஓட்டைகள்தான் இருக்கும். முதலில் அங்கே புதிதாக ஒன்றை மாட்டட்டும். அது சத்தம் போடுகிறதா என்று நானே பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன். அதன் பிறகு எண்ணைச் சொல்கிறேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னதெல்லாம் உண்மை, வீட்டு எண் மட்டும் பாக்கி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வெர்லீன் ஹட்சின்ஸ்