சகாயம் பார்த்த ஒஸ்லோ

— இதுக்குப் பேரு சீஸா? ரஞ்சி, சத்தியமா சொல்லு. அடுப்புல மறந்துபோய் விட்ட பால்கோவா மாதிரியில்ல இருக்கு!

— சீஸ்தானடி சகாயம். பழுப்புச் சீஸ். வாஃபிளுக்கு மேலை வைச்சுத்தான் இஞ்சத்தை ஆக்கள் தின்னுவினம். பிடிக்காட்டி வை, நான் சாப்பிடுறன்.

— யாரு பிடிக்கலைன்னா? இன்னொண்ணு வாங்கு. ராமநாதபுரத்துல என் கிளாஸ் பொண்ணுங்க நம்பவே மாட்டாளுங்க. டிராயிங் டீச்சர் கதை விடுதுன்னுவாளுங்க. இந்தப் பார்க்கையும் சேர்த்துத்தான். இத்தனை சிலை, ஒருத்தர் மேலயும் ஒட்டுத்துணி கிடையாது!

— மெல்லக் கதையடி. அங்கை தமிழாக்கள் நிக்கினம்.

— நிக்கட்டும். ஆனா பாரேன், அசிங்கமாவே தெரியல. கிழவி, கைப்புள்ள, சண்டை போடுற புருசன் பொண்டாட்டி... எல்லாம் நம்ம தெருவுல பாக்குறவங்கதான். ஆமா, நீ அடிக்கடி வருவியா இங்க?

— எங்கை வாறது? வேலை, வீடு, ஞாயிறெண்டால் கோயில். நாங்கள் இருக்கிற ஸ்டோவ்னர்ப் பக்கத்தை விட்டு வெளிக்கிட்டு ஒண்டரை வருசமாச்சு.

— சரி, வா, அந்தக் கல்லுப் படிக்கிட்ட போவோம். ஏ, இங்க பாரு! அம்மாக்காரி மண்டி போட்டிருக்கா, ரெண்டு பிள்ளைங்க முதுகுல ஏறிக் குதிரை ஓட்டுதுங்க. அவ சடையையே கடிவாளமா வாயில குடுத்திருக்கான் சிற்பி. என்னா கண்ணுடி அவனுக்கு! ...ரஞ்சி? என்னாச்சு?

— ஒண்டுமில்லை. அக்காவும் இப்பிடித்தான். என்னையும் தம்பியையும் முதுகிலை ஏத்திக்கொண்டு முற்றம் முழுக்கச் சுத்துவா. சடையைப் பிடிச்சு இழுத்தாலும் ஏசமாட்டா.

— அனஸ்தாசியா அக்கா யாரைத்தான் ஏசுனாங்க? நீங்க மண்டபம் அகதி முகாம்ல இருந்தப்ப, எங்க வீட்ல அம்மா இருந்தும் நான் உங்க கொட்டகைக்கு ஓடி வந்து அக்காகிட்டதான் தலை பின்னிக்குவேன். உனக்கொண்ணு, எனக்கொண்ணுன்னு ஒரே ரிப்பனை வெட்டிக் கட்டி விடுவாங்களே.

— நீ மறக்கேல்லை.

— எப்படி மறப்பேன்?

— இஞ்சை ஒருத்தரும் அவவின்ரை பேரை எடுக்கிறேல்லை. ஊருக்குத் திரும்பிப்போன அவவைச் சுனாமி கொண்டுபோன பிறகு, வீட்டை வாறவை பனியைப் பற்றிக் கதைப்பினம், தேத்தண்ணியைக் குடிப்பினம், போயிடுவினம். எனக்கு நோகுமெண்டு பயம். பேரைச் சொல்லாமல் விடுறதுதான் நோகுது.

— என்கிட்ட சொல்லு. நான் இருக்கேன். நடந்துகிட்டே பேசுவோம். படகுலயே அவிச்ச இறால் விக்கிறாங்கன்னியே, அது எங்க?

— ட்றாமிலை ஏறினால் துறைமுகத்தடியிலை இறங்கலாம். ஆனா நான் இறங்கின இடத்திலையே நிக்கிறன். நீ போய் வாங்கு.

— ஏன்?

— தண்ணிக்குக் கிட்டப் போறேல்லை. மீனும் தின்னுறேல்லை. வடக்கை, பாட்ஸ்பியோர்டிலை, நாலு வருசம் மீன் ஃபக்டரியிலை நிண்டனான். அப்ப மீனில்லாமல் எனக்குச் சோறு இறங்காது. இப்ப, அக்கா முல்லைத்தீவுக் கடலுக்குள்ளை போனதை நினைச்சால்... வீட்டிலை மீன்சட்டியே வைக்கிறேல்லை.

— நார்வே பாஷையில நான் எப்படிடி கேப்பேன்?

— விரலைக் காட்டு, தருவான்.

— விரலைக் காட்டித் திமிங்கலத்தைக் குடுத்துட்டான்னா? ஏறு முதல்ல. இறங்கி யோசிப்போம்.

— ...இந்தா, இறங்கியாச்சு. அந்தா தெரியுது பார் படகுகள். நான் இதிலை நிக்கிறன்.

— என் கையைப் பிடி. அந்த முதல் படகு வரைக்கும். முடியலைன்னா திரும்பிடலாம். என்ன ரஞ்சி, இந்தக் கடல்ல அலையே இல்லையே?

— இது ஃபியோர்ட். உள்ளுக்குள்ளை வந்த கடல். மெல்ல நட. விட்டுடாதை.

— விடல. பாரு, அந்தாளு நம்மளைப் பாத்துச் சிரிக்கிறான். நீயே கேளு.

— ...வாங்கிப்போட்டன். இன்னும் சூடு ஆறேல்லை. இந்த வாங்கிலை இருப்பம்.

— பெஞ்சுல நீ உக்காரு, நான் பிரட்டை எடுக்கிறேன். எலுமிச்சம்பழத்தை மேல பிழிஞ்சு...

— பாண். தேசிக்காய்.

— ஆரம்பிச்சிட்டியா! அப்ப பள்ளிக்கூடத்துலயும் உனக்கு இதே வாத்தியார் வேலைதான். சரி, உங்க தேசிக்காயைப் பிழி. இறாலை நான் உரிக்கிறேன்.

— தள்ளு. நீ உரிச்சால் பொழுதுபட்டுடும். தலையைத் திருகி, ஓட்டை இப்பிடிக் கழட்டோணும். இந்தா.

— எனக்கு வேணாம். முதல்ல நீ.

— சகாயம்...

— அக்கா பேரைச் சொல்லிச் சாப்பிடு.

— ...இனிக்குதடி.

— அழு. அழுதுகிட்டே சாப்பிடு. நமக்கென்ன அவசரம்.

— அக்காவுக்கு இறாலெண்டால் உயிர். தலையைக்கூட விடமாட்டா, உறிஞ்சுவா. எனக்கு இவ்வளவு பசி இருந்ததே தெரியேல்லை. அந்தப் பையை இஞ்சாலை தா.

— எல்லாத்தையும் தின்னு. ...ரஞ்சி, ஒண்ணு சொல்லுவேன், கோவப்படாத. நான் சிலை பாக்கவும் வரல, இறால் திங்கவும் வரல. ஜெர்மனியில என் தம்பி வீட்டுல இருந்தேன்ல, உன் வீட்டுக்காரர் லூக்காஸ் அங்க போன் பண்ணாரு. வேலைக்கும் கோயிலுக்கும் தவிர நீ எங்கயும் போறதில்லையாம். நான் வந்தா, எனக்கு ஊர் காட்டுற சாக்குலயாவது வெளிய வருவேன்னாரு.

— ஓம். தெரியும்.

— தெரியுமா? ஒட்டுக் கேட்டியா?

— இல்லையடி. நான்தான் அவரை உனக்குப் போன் எடுக்கச் சொன்னனான். உன்ரை குரலைக் கேட்டால் எனக்கு 'வா' எண்டு சொல்ல வராது, அழுகைதான் வருமெண்டு.