முப்பத்தேழு சிவப்புக் கொடிகள்

பழைய படைமுகாமின் இருநூறு ஏக்கர் நிலத்தையும் பாதம் பதித்தே படித்தறிந்த பண்பாளரே! கொளுத்தும் வெயிலிலும் கொட்டும் மழையிலும் கருவியைக் கைவிடாத கடமையாளரே! மண்ணுக்குள் மறைந்திருந்த மரணத்தை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து, மக்கள் நடமாட வழி செய்த மாண்பாளரே! எங்கள் திட்ட அலுவலகத்தின் நிலச் சோதனை மேற்பார்வையாளரே! வணக்கம்.

இந்த அடைமொழிகளில் ஒன்றுகூட மிகையில்லை. ஆனாலும் இவற்றை எழுதும்போது எங்களுக்குக் கை கூசியது. ஏன் என்பதை உங்கள் துணைவியார், மகள், பேத்தி, புதிய இயக்குநர் என எல்லோரும் அமர்ந்திருக்கும் இந்தப் பணி ஓய்வு விழா அவையில் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் படை காலி செய்துவிட்டுப் போன இந்த இடத்துக்கு முதலில் வந்தவர் நீங்கள். அப்போது இங்கே முள்வேலியும் ஆளுயரப் புல்லும் பூட்டிய கொட்டகைகளும்தான் இருந்தன. இன்று வீரர்கள் உறங்கிய நீளக் கூடம் நூலகமாகியிருக்கிறது. ஆயுதக் கிடங்கில் மகப்பேறு மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். இவற்றுக்கெல்லாம் வரைபடம் போட்டது நாங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம். அந்த வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு அடியையும் எங்களுக்கு முன்னால் நடந்து பார்த்தவர் நீங்கள்.

உங்கள் முறை எங்களுக்கு மனப்பாடம். கயிறு கட்டிப் பாதை பிரிப்பீர்கள். புதைந்த குண்டைக் காட்டும் கருவியைத் தரைக்கு மேல் ஆட்டியபடி நடப்பீர்கள். அது ஒலித்த இடத்தில் சிவப்புக் கொடி. தோண்டி எடுத்த பிறகு வெள்ளைக் கொடி. வாரம் முழுக்க நட்ட கொடிகளைத் திங்கட்கிழமைதான் அளந்து வரைபடத்தில் ஏற்றுவீர்கள். அதுவரை அந்தக் கொடிதான் பதிவு, அந்தக் கொடிதான் சாட்சி. “என்னங்க, கல்யாண மண்டபத்துலயும் தரையைப் பாத்துக்கிட்டேதான் நடப்பீங்களா?” என்று உங்கள் துணைவியார் அலுத்துக்கொண்டதைச் சொல்லி நீங்களே சிரித்ததுண்டு. நாங்களும் சிரித்தோம். உங்களுக்குக் ‘கொடிக்காரர்’ என்று பெயர் வைத்து, முதுகுக்குப் பின்னால் இன்னும் அதிகமாகவே சிரித்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை. உங்கள் மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்ததால் நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். மறுநாள் நூலகத் திறப்பு விழா. பக்கத்துத் திடலில், சிறுவர் பூங்கா வரவேண்டிய இடத்தில், உங்கள் சிவப்புக் கொடிகள் முப்பத்தேழு நின்றன. “போட்டோவுல இதெல்லாம் விழுந்தா நல்லாவா இருக்கும்? பாக்கறவங்க பயந்துருவாங்க” என்றார் எங்களில் ஒருவர். கயிற்றுப் பாதை வழியே போய்ப் பிடுங்கினோம். விழா முடிந்ததும் ஞாபகத்தை வைத்துத் திரும்ப நட்டோம். முப்பத்தேழு பிடுங்கினோம், முப்பத்தேழு நட்டோம், எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். அலுவலகத்தில் உட்கார்ந்தே பழகிய மூளைகளுக்கு மட்டுமே வாய்க்கும் நிம்மதி அது.

திங்கட்கிழமை மூன்றாவது கொடியினடியில் கருவி ஒலிக்கவில்லை; அங்கேயே நீங்கள் நின்றுவிட்டீர்கள். “யாராவது கொடியைத் தொட்டீங்களா?” என்று கேட்டீர்கள். நாங்கள் ஒன்பது பேரும் இல்லை என்றோம். “காத்துல சாஞ்சிருக்கும் சார்” என்றான் ஒருவன். “காத்து கொடியைச் சாய்க்கும்பா. தள்ளிப் போய் நட்டு வைக்காது” என்றீர்கள். அவ்வளவுதான். கருவியை எடுத்துக்கொண்டு மீண்டும் முதல் கயிற்றிலிருந்து நடக்கத் தொடங்கினீர்கள்.

காற்றின்மேல் பழி போட்ட அந்த ஆளாகிய நான்தான் இப்போது இந்த மடலை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்கு மாதம் நடந்தீர்கள். வேலிக்கு வெளியே தாய்மார்கள் கூடி நின்று, “எங்க பிள்ளைங்க எப்பதாங்க விளையாடும்? உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா?” என்று உங்களைப் பார்த்துக் கத்தினார்கள். “கொஞ்சம் பொறுங்கம்மா. எனக்கு இன்னும் திருப்தியில்ல” என்று மட்டும் சொன்னீர்கள். நாங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டோம். அன்றைய இயக்குநர் விளக்கம் கேட்டபோதும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. உங்கள் பணிப்பதிவேட்டில் ‘மேற்பார்வையாளரின் தேவையற்ற காலதாமதம்’ என்று குறிப்பு ஏறியது. அதைத் தட்டச்சு செய்தவரும் எங்களில் ஒருவர்தான். அந்தக் குறிப்பால் உங்களுக்கு வரவேண்டிய கடைசிப் பதவி உயர்வு வராமல் போனது.

மூன்றாம் மாதம், நாங்கள் நட்ட ஒரு கொடியிலிருந்து இரண்டடி தள்ளி, வெடிக்காத குண்டு ஒன்றை எடுத்தீர்கள். எங்கள் வரைபடத்தில் சறுக்குமரத்தின் கால் ஊன்ற வேண்டிய இடம் அது. அப்போதும் நாங்கள் வாய் திறக்கவில்லை.

போன மாதம் ஒருவழியாகத் துணிந்து உங்களிடம் வந்தோம். முழுதும் சொல்லக்கூட விடாமல், “விடுங்கப்பா. இடம் சுத்தமாயிருச்சுல்ல?” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தீர்கள். நீங்கள் எங்களைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இந்த இரண்டு வருட வெட்கம் கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

பெருந்தகையீர்! நீங்கள் விட்டுவிடலாம், எங்களால் முடியவில்லை. இன்று ஐந்து மணிக்கு உங்கள் பணிப்பதிவேட்டை மூடிவிடுவார்கள். அந்தப் பொய்க் குறிப்போடு அது மூடப்படக்கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதி, ஒன்பது பேரும் கையெழுத்திட்டு, இதோ இயக்குநர் அவர்களின் மேசைமேல் பதிவேட்டோடு சேர்த்து வைத்திருக்கிறோம். இயக்குநர் ஐயா, அந்த வரியை அடித்துக் கையொப்பமிட்ட பிறகே இவருக்கு மாலை அணிவிக்க வேண்டுகிறோம். எங்கள்மீது எடுக்கும் நடவடிக்கையை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

அன்று பிறந்த உங்கள் பேத்தி இப்போது ஓடி விளையாடுகிறாள். அவளைப் பூங்காவுக்கு அழைத்து வாருங்கள். நோயின்றி, நிறைவோடு, நூறாண்டு வாழுங்கள். இனியாவது தலை நிமிர்ந்து, வானத்தைப் பார்த்து நடங்கள். தரையைப் பார்த்து நடக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இங்ஙனம்,
கொடிகளைப் பிடுங்கிய ஒன்பது பேர்,
திட்ட அலுவலகம்.