ஆள் இல்லாமல் வாடகைக்கு

இந்த மின்விசிறிக்கு பேரிங் போய்விட்டது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இரண்டு மாதம் ஓடும், அப்புறம் மாற்றத்தான் வேண்டும். இருபத்தொரு வருடம் மெஷின்களோடு குப்பை கொட்டியவன், காது தானாக அங்கே போகிறது. நீங்கள் எழுதத் தொடங்கலாம், மேடம்.

என் தொழில் ஆள் இல்லாமல் மெஷின் வாடகைக்கு விடுவது. ஜெனரேட்டர், ரோடு ரோலர், உயரத்தில் வேலை பார்க்க ஆளைக் கூடையில் வைத்துத் தூக்கும் லிஃப்ட். மெஷின் என்னுடையது. அதில் ஏறுகிறவர் வாடகைக்கு எடுத்தவருடைய ஆள். இன்சூரன்ஸ்காரர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது. ஓட்டப்போவது யார், எப்படி ஓட்டுவார் என்று ஒன்றும் தெரியாதே. அதனால் என் பாலிசியில் இரண்டு நிபந்தனை வைத்தீர்கள். பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் வேலை செய்தால்தான் மெஷின் என் வாசலைத் தாண்டலாம். ஏறப்போகிற ஆள், 'எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார்கள்' என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மெஷினுக்கு நஷ்டஈடு கிடையாது, யாருக்காவது அடிபட்டால் பொறுப்பும் வாடகைக்கு எடுத்தவரை விட்டு என் தலைக்கு வந்துவிடும். நியாயமான நிபந்தனைகள்தான். உங்கள் நாற்காலியில் நான் இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

நானும் யாரையும் நம்புகிறவன் இல்லை. ஒருவர் ஜெனரேட்டரைத் திருப்பித் தந்தபோது உள்ளே என் புது பேட்டரி இல்லை, எந்தக் காலத்துப் பழசோ இருந்தது. இன்னொருவர், "ஒரு கீறல்கூட இல்லண்ணே" என்று ரோலரை நிறுத்திவிட்டுப் போனார். தொட்டுப் பார்த்தால் கையில் ஈரப் பெயிண்ட். அதற்குப் பிறகு ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டிராக்கரை ஒளித்து வைத்தேன். எங்கே நிற்கிறது, எப்போது ஓடுகிறது, கவிழ்ந்துவிட்டதா, எல்லாம் என் போனுக்கு வந்துவிடும். "என் கைப்பையிலயும் ஒண்ணு வச்சிருக்கீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். வைக்கவில்லை. வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கூடை லிஃப்டில் ஒரு சென்சார் உண்டு. தரை சரிவாக இருந்தால் ஊளையிடும், கூடை மேலே ஏறாது. நம் ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் சமதரை எங்கே இருக்கிறது? இரண்டு பேர் பாதி வேலையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உங்க மெஷின் தொட்டதுக்கெல்லாம் அழுவுதுங்க" என்றார் ஒருவர். நான் விரல் நீளத்துக்கு ஒரு ஒயரை எடுத்து, சென்சாரைத் தாண்டி இணைப்புக் கொடுத்தேன். அழுகை நின்றது. மூன்று மாதம் ஒரு புகார் இல்லை.

பிறகுதான் அந்த கான்ட்ராக்டர் வந்தார். ஒரு குடோனின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. கூட வந்த பெயிண்டரை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். என் ஆபீஸ் வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தார். "இவ்வளவு உயரம் இருக்கீங்க, உங்களுக்கு எதுக்குங்க கூடை?" என்றாள் என் மனைவி. "சுவரும் என்னை மாதிரியே வளந்துடுச்சுக்கா" என்றார். நல்ல மனிதர். அப்போதும் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்தேன், குடிப்பாரோ என்று. குடிப்பதில்லை என்று பிறகு தெரிந்தது.

அன்று விடுமுறை நாள். கான்ட்ராக்டர் அவசரப்பட்டார், லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மெஷின் போன பிறகுதான் என் மனைவி படிவத்தைத் தூக்கிக் காட்டினாள். "அவர்கிட்ட கையெழுத்து வாங்கலையே."

"சாயங்காலம் போய் வாங்கிக்கிறேன்" என்றேன்.

மதியம் ஒன்று பதினாறுக்கு, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது. மெஷின் கவிழ்ந்துவிட்டது. கை கழுவினேன். படிவத்தையும் ஒரு பேனாவையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வரிக்கு அடிக்கோடு போடுகிறீர்கள். போடுங்கள், அது உண்மைதான்.

பத்து நிமிடத்தில் போய்விட்டேன். மற்ற பெயிண்டர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கான்ட்ராக்டர் காலையில் மெஷினை ஏற்றி அனுப்பியதோடு சரி, குடோன் பக்கமே வரவில்லை. பள்ளம் தோண்டி மூடிய மண்ணில் ஒரு சக்கரம் இறங்கி, லிஃப்ட் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. பெயிண்டர் கூடையோடு சுவரோரமாகக் கிடந்தார். அவருடைய வலது கையும் தொடையும் கூடைக் கம்பிக்கு அடியில் இருந்தன. வெள்ளைப் பெயிண்ட் அவர்மேல் கொட்டியிருந்ததால் ரத்தம் எவ்வளவு என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

"அண்ணே, நல்லவேளை வந்தீங்க. ஆம்புலன்ஸ்..." என்றார்.

"சொல்லியாச்சுப்பா. வந்துக்கிட்டே இருக்கு."

நான் சொல்லியிருக்கவில்லை.

முதலில் ஒயரைக் கழற்ற வேண்டியிருந்தது. சென்சார் பெட்டியில் நான்கு ஸ்க்ரூ, ஒன்று துருப்பிடித்து வர மறுத்தது. கழற்றி, சென்சாரை முன்பு இருந்தபடி இணைத்து, மூடியைத் துடைத்தேன். பிறகு போட்டோ. மெஷினை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் எடுக்க வேண்டும் என்று உங்கள் பாலிசியிலேயே இருக்கிறது. பன்னிரண்டு எடுத்தேன். ஒரு படத்தில்கூட அவர் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அப்புறம் படிவத்தை அவரிடம் கொண்டுபோனேன்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுப்பா. ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுச் செலவு எல்லாம் இன்சூரன்ஸ் பாத்துக்கும்."

"நெஜமாவாண்ணே?"

"நெஜமாத்தான்."

என் பாலிசி மெஷினுக்கு. வாடகைக்கு எடுத்தவரின் ஆளுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வலது கை சிக்கியிருந்ததால் இடது கையால் போட்டார். தாளை என் முழங்காலில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். "கோணலாப் போச்சுண்ணே" என்று வருத்தப்பட்டார். பரவாயில்லை என்றேன்.

அந்தக் கோணல்தான் உங்களை இங்கே கொண்டுவந்தது. பேர் அவருடையது, எழுத்து அவருடையது இல்லை என்று அவர் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறார். காலையில் படிவம் காலியாக இருந்தது என்று சொன்னது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. என் வீட்டில் நாலு நாளாக யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதிலிருந்தே தெரிகிறது. டிராக்கர் ஒன்று பதினாறு என்கிறது. ஆம்புலன்ஸ்காரர்கள் என் போன் வந்தது இரண்டு ஒன்பதுக்கு என்கிறார்கள். யாரையும் நம்பாமல் நான் வாங்கி வைத்த கருவி, என்னையும் நம்பவில்லை.

முக்கால் மணி நேரத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். இருக்கலாம். துருப்பிடித்த ஸ்க்ரூ தாமதம் பண்ணிவிட்டது என்று எழுதிக்கொண்டால் உங்களுக்கும் வேலை சுலபம், எனக்கும் சுலபம். ஆனால் நீங்கள் கேட்டது உண்மையை. கையெழுத்து வாங்கி முடித்தபோது மணி ஒன்று ஐம்பதுகூட ஆகவில்லை. போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கூப்பிடத்தான் எடுத்தேன்.

அப்போது அவர் கேட்டார். "அண்ணே, அந்த டப்பாவுலேர்ந்து ஒரு ஒயர் எடுத்தீங்களே, அது என்ன?"

குறை சொல்வது போல இல்லை. வலியை மறக்க ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டதுதான். ஒன்றுமில்லை என்றேன். போனைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டேன்.

"இன்னும் வரலையேண்ணே" என்றார்.

"ரயில்வே கேட்டுல மாட்டிக்கிச்சாம். இதோ வந்துடும்."

இன்னும் ஒரு தடவை கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அது உறுதியான பிறகுதான் கூப்பிட்டேன்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லமாட்டேன். தெரிந்துதான் காத்திருந்தேன், மேடம். ஆனால் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கடைசிவரை பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு யார் செய்திருப்பார்கள்? அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.