நாலு தட்டு

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் ஆளைக் கலாய்க்கிறவன், சோகம் நமக்கு ஒத்துவராது. ஆனால் அமீர்பேட்டில் மெட்ரோ ஏறியதும் பக்கத்தில் நின்றவர், "நீ வாசிக்க வேணாம்ணா, நாலு தட்டு மட்டும் தட்டிட்டுப் போயிடு" என்றார். என் காது தானாக நீண்டுவிட்டது.

சொன்னவர் ஒரு ராக் பேண்டின் பாடகர். பேண்டை விட்டுவிட்டுத் தனியாக முதல் ஆல்பம் போடுகிறாராம். கேட்டவர் அதே பேண்டின் ட்ரம்மர், கொஞ்சம் மூத்தவர்.

"அப்போ ட்ரம்ஸ் யாருடா?"

"கம்ப்யூட்டர்ணா."

"ஹவ், சரி. அப்புறம் நான் கைக்கு, எதுக்குடா?"

"ஹெட்ஃபோன்ல பீப் பீப்னு வருதுண்ணா. எப்ப ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. பன்னெண்டு வருஷமா நீ ஸ்டிக்க நாலு தட்டு தட்டுவ, நான் பாட ஆரம்பிப்பேன். அது இல்லாம வாயே திறக்க மாட்டேங்குது."

"எங்கள விட்டுப் போறப்ப இது ஞாபகம் வரலையா?"

"ஸ்டூடியோவுக்கு ஒரு தடவை வாண்ணா."

"ஸ்டூடியோ கீடியோ நக்கோடா, வேணாம். போன எடு, இங்கயே ரெக்கார்ட் பண்ணிக்க."

பாடகர் போனை நீட்ட, ட்ரம்மர் கையிலிருந்த மோதிரத்தால் மெட்ரோ கம்பியில் நிதானமாக நாலு தட்டினார். நாலாவது தட்டில் பாடகரின் வாய் தானாகத் திறந்தது. சத்தம் வரவில்லை.

"நல்லாப் பாடு" என்று அவர் தோளைத் தொட்டுவிட்டு ட்ரம்மர் பேகம்பேட்டில் இறங்கிவிட்டார். பாடகர் சிகந்திராபாத் வரை அந்த நாலு தட்டையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்.

நண்பனுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வந்தது:

"நாலு தட்டுக்கு அப்புறம் பாட்டே வரலையாடா?"