போனில் வந்த வாசிப்பு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் ஒரு டீச்சரும் மில்லு வேலை முடிந்து வந்த ஒரு அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு வருசமா உங்க மகளுக்குப் பாடம் எடுக்கேன். அவ குரலை இந்த வாரந்தான் கேட்டேன்" என்றார் டீச்சர். அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

"திக்குதுன்னு வாயே தொறக்க மாட்டா, டீச்சர்."

"அதான், வீட்டுல வாசிச்சு போன்ல அனுப்புன்னு சொன்னேன். ஒரு பக்கம் முழுசா அனுப்பிட்டா."

"அதுக்குத்தான் போனைத் தூக்கிட்டு மாடிக்குப் போனாளா. வெளையாடுதான்னு நான் ஏசிட்டேன்."

"இன்னைக்கு அதைக் கிளாஸ்ல பெரிய டிவியில போட்டேன்."

அந்த அம்மா மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டார். "எல்லாரும் சிரிச்சிருப்பாகளே."

"அவகிட்ட கேட்டுத்தான் போட்டேன். 'போடுங்க, நான் வெளிய நிக்கேன்'னு சொன்னா. யாரு வாசிக்கான்னு பிள்ளைகளுக்குத் தெரியல. முடிஞ்சதும் இன்னொரு தடவ போடச் சொல்லுச்சுக."

"போட்டீகளா?"

"எங்க போட. அவளே உள்ள வந்து, நானே வாசிக்கேன் டீச்சர்னு புஸ்தகத்தை எடுத்துட்டா."

"திக்குச்சா?"

"திக்கத்தான் செஞ்சுச்சு. பிள்ளைக பொறுமையா இருந்துச்சுக. பெல் அடிச்சும் ஒருத்தரும் எந்திரிக்கல."

அந்த டீச்சர் மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

அந்த அம்மா பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "அவ வாசிச்சது இதுல எங்கன இருக்குன்னு எடுத்துக் குடுங்க டீச்சர். நான் இன்னும் கேக்கல."